நாள் இலவசமில்லை

(பழைய மாணவியர் சங்க நூற்றாண்டுப் பொதுக்கூட்டத்தில் நிகழ்த்திய சிறப்புரையின் எழுத்து வடிவம்)



செயலாளர் அக்கா எனக்குத் தந்த தலைப்பு அழைப்பிதழில் இரண்டு வரிக்கு நீண்டிருக்கிறது: ‘பண்பாட்டு அடையாளத்தையும் பன்மைத்துவத்தையும் மதித்து, அனைவரையும் உள்ளடக்கும் உலகப் பொருளாதாரத்தைக் கட்டியெழுப்புதல்.’ வாசித்து முடிக்கவே மூச்சு வாங்குகிறது. நான் பொருளியல் படித்தவள் அல்ல. மேல்மாடி ஆய்வுகூடத்தில் தவளை வெட்டியவள். எனக்குத் தெரிந்த பொருளாதாரம் கிளினிக் வாங்கில் வந்து உட்காருகிற பொருளாதாரம்தான். அந்த வாங்கிலிருந்தே பேசுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

சென்ற வருடம் ஒரு அம்மா வந்தார். ஐம்பத்தைந்து வயதிருக்கும். மலையகத்திலிருந்து சிறுபிள்ளையாக வீட்டுவேலைக்குக் கொழும்புக்கு அழைத்து வரப்பட்டவர். இப்போது கொட்டாஞ்சேனையில் ஒரு தோட்டத்தில் இருக்கிறார். கொழும்பார் சொல்கிற தோட்டம், ஒற்றைக் குழாயைச் சுற்றி முப்பது வீடு, தேயிலை அல்ல. வெள்ளவத்தையில் இரண்டு வீடுகளில் கூட்டித் துடைத்துச் சமைக்கிறார். நாட்சம்பளம். சீனி வருத்தம் இருக்குமோ என்ற சந்தேகத்தில் வெறும் வயிற்றில் இரத்தம் எடுக்க எழுதிக் கொடுத்திருந்தது. குறித்த நாளில் வந்தார். காலையில் பாணும் பருப்பும் சாப்பிட்டுவிட்டு வந்திருந்தார். திருப்பி அனுப்பினார்கள். அடுத்த கிழமை வந்தார். இந்த முறை இன்னும் நன்றாகச் சாப்பிட்டுவிட்டு வந்திருந்தார், சென்ற முறை போதாமல் போயிற்று என்று எண்ணி.

அவரை நான் கோபித்துக்கொள்ளத்தான் தொடங்கினேன். பிறகு கேட்டேன், “அம்மா, உங்களுக்கு என்ன சொன்னாங்க?” அவர் சொன்னார்: “கா... என்னன்னு சொன்னாங்க டொக்டர். சாப்பிட்டு வாங்கன்னுதானே?”

சிங்களம் தெரிந்தவர்களுக்கு இப்போது விளங்கியிருக்கும். ‘நொகா என்ன’ என்றால் சாப்பிடாமல் வாருங்கள். ‘காலா என்ன’ என்றால் சாப்பிட்டுவிட்டு வாருங்கள். நீண்ட கியூவில், மின்விசிறிச் சத்தத்தில், கொப்பியைப் பார்த்துக்கொண்டே சொன்ன ‘நொ’ அந்த அம்மாவின் காதில் விழவில்லை. அவருக்குச் சிங்களம் தெரியாது என்றும் சொல்ல முடியாது. நாற்பது வருடமாகக் கொழும்பில் இருக்கிறார். ‘கீயத’ என்று விலை கேட்பார், ‘பஹினவா’ என்று சொல்லி பஸ்ஸிலிருந்து இறங்குவார். மீன்காரனோடு சண்டை பிடிக்கவும் அந்தச் சிங்களம் போதும். ஒரு எழுத்தில் வாழ்க்கை தொங்குகிற இடத்துக்குத்தான் அது போதாது.

அந்த ஒரு எழுத்தின் விலை என்ன? இரண்டு நாள் வேலை. இரண்டு வீட்டுக்காரரும் நாட்கூலி கழித்துவிட்டார்கள். பஸ் காசு நான்கு தரம். மூன்றாம் முறை லீவு கேட்கப் பயந்து, மூன்று மாதம் வராமலே இருந்துவிட்டார். அந்த மூன்று மாதமும் சீனி அதன்பாட்டில் வேலை செய்துகொண்டிருந்தது. கடைசியில் என்னிடம் வந்தது காலில் ஆறாத புண்ணோடு. நம் நாட்டில் அரச வைத்தியம் இலவசம். அதைப் பற்றி உலகத்துக்கெல்லாம் பெருமையாகச் சொல்கிறோம், சொல்லவும் வேண்டும். பரிசோதனை இலவசம், மருந்து இலவசம். நாள் இலவசமில்லை. ஒருவருடைய மொழியை நாங்கள் கவுண்டரில் மதிக்கத் தவறும்போது அந்தச் செலவை அரசாங்கம் கட்டுவதில்லை, வைத்தியசாலை கட்டுவதில்லை. நாட்கூலிக்காரி கட்டுகிறாள். கணக்குப் புத்தகம் எதிலும் அது பதிவாவதுமில்லை.

அடையாளம், பண்பாடு என்றதும் எங்களுக்கு நினைவு வருவது என்ன? கலைவிழா, குத்துவிளக்கு, பரதநாட்டியம், தைப்பொங்கல் பானை. இவற்றை நான் குறைத்துச் சொல்லவில்லை. நானும் இதே மேடையில் கோலாட்டம் ஆடியிருக்கிறேன், ஒருமுறை கோலைத் தவறவிட்டும் இருக்கிறேன். ஆனால் அடையாளத்தின் அடி உண்மையில் விழுகிற இடம் மேடையல்ல. தபாற்கந்தோர், வங்கி, பொலிஸ் நிலையம், சேமலாப நிதிக் கந்தோர், கிளினிக். உங்கள் பேச்சு அங்கே செல்லுமா, உங்கள் பெயரை அங்கே சரியாக எழுதுவார்களா என்பதில்தான் உங்கள் உழைப்பின் காசு உங்கள் கைக்கு முழுதாக வருமா என்பது இருக்கிறது.

இது இன்று நேற்றைய கதையல்ல. மூத்த அக்காமார் சிலரின் வீட்டுக் கதையே இது. 1956இல் அரசகரும மொழிச் சட்டம் வந்தபோது கொழும்பில் எத்தனையோ தமிழ் வீடுகளில் அப்பா எழுதுவினைஞர். ஒன்றை முதலில் நியாயமாகச் சொல்லிவிட வேண்டும். அதற்கு முன் ஆங்கிலம் ஆண்ட காலத்தில் சிங்களக் கிராமத்து மனிதரும் கச்சேரி வாசலில் ஊமையாகத்தான் நின்றார். அந்தக் கோபத்தில் நீதி இருந்தது. 1944இல் அரசாங்க சபை சிங்களத்தோடு தமிழையும் சேர்த்துத்தான் தீர்மானம் எடுத்தது. பன்னிரண்டு வருடத்தில் இரண்டு ஒன்றாகியது. தன் கிராமத்து மனிதருக்காகத் திறந்த கதவை, பக்கத்து மனிதரின் முகத்தில் சாத்திவிட்டார்கள்.

செல்லையா கோடீஸ்வரன் என்ற பெயர் தங்கைமாருக்குத் தெரியாமல் இருக்கலாம். கேகாலைக் கச்சேரியில் எழுதுவினைஞர். 1952இல் சேவையில் சேர்ந்தவர். 1961இல் வந்த திறைசேரிச் சுற்றறிக்கை, சிங்களப் பரீட்சையில் தேறாதவருக்குச் சம்பள ஏற்றம் இல்லை என்றது. அவர் பரீட்சைக்கு இருக்கவில்லை, ஏற்றம் நின்றது, வழக்குப் போட்டார். 1964இல் மாவட்ட நீதிமன்றம் அவர் பக்கம் தீர்த்தது. 1967இல் உயர் நீதிமன்றம், அரச ஊழியர் சம்பளத்துக்காக வழக்காடவே முடியாது என்று அதைத் தள்ளியது. 1969இல் லண்டன் கோமறைக் கழகம், வழக்காடலாம் என்றது. ஆனால் மொழிச் சட்டம் அரசியலமைப்புக்கு உட்பட்டதா என்ற மூலக் கேள்வியை மீண்டும் இங்கேயே திருப்பி அனுப்பியது. அது தீருமுன் 1972இல் புதிய அரசியலமைப்பு வந்து, கேள்வியே இல்லாமற் போயிற்று. எவ்வளவு பெரிய நீதிமன்றங்கள்! அடியில் இருந்தது ஒரு எழுதுவினைஞரின் வருடாந்தச் சம்பள ஏற்றம். மொழியுரிமை என்று நாங்கள் பெரிய சொல்லால் சொல்வது அநேகமாக இப்படித்தான், சம்பளத் துண்டின் ஒரு வரியாக வீட்டுக்கு வரும்.

இந்த வரிசையில் இன்னொன்றையும் சொல்லவேண்டும், அந்தக் கிளினிக் அம்மாவுக்காக. 1948ஆம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டம் அவரது பாட்டன் பாட்டியை நாடற்றவர் ஆக்கியது. 1964இல் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் ஐந்தேகால் இலட்சம் பேரை இந்தியாவுக்கும் மூன்று இலட்சம் பேரை இலங்கைக்கும் என்று பங்கு பிரித்தது. மிச்சம் ஒன்றரை இலட்சம் பேரைப் பிறகு பார்ப்போம் என்றது. கடைசிச் சிக்கல் தீரச் சட்டம் 2003இல்தான் வந்தது. ஐம்பத்தைந்து வருடம். அந்தக் காலம் முழுதும் நாட்டின் அந்நியச் செலாவணியைக் கொழுந்தாகக் கிள்ளிக் கூடையில் போட்டது அவர்கள். உலகப் பொருளாதாரத்தில் அவர்கள் ‘உள்ளடக்கப்படவில்லை’ என்று யாராவது சொன்னால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். லண்டன் ஏலத்திலிருந்து லிப்டன் பெட்டி வரை அவர்கள் கை பட்டுத்தான் போனது. உள்ளே சேர்த்தது உழைப்பை. பெயரையும் கடதாசியையும் வெளியே நிறுத்தினார்கள்.

இப்போது என் சொந்தக் கதை ஒன்று. சொல்லாமல் விடலாமா என்று நேற்றிரவு வரை யோசித்தேன்.

நான் கொட்டாஞ்சேனையிலிருந்து வெள்ளவத்தைக்கு பஸ்ஸில் வந்து படித்தவள். தொண்ணூறுகள். மத்திய வங்கிக் குண்டுக்குப் பிறகு, 1996க்குப் பிறகு, பஸ் ஏறமுன் அம்மா பெருவிரலால் என் பொட்டைத் துடைத்துவிடுவார். பள்ளிக்கூட வாசலில் மறுபடி வைத்துக்கொள்வேன். கொம்பாசுப் பெட்டிக்குள் ஒட்டுப்பொட்டு அட்டை இருக்கும். பஸ்ஸில் நான் உரத்துச் சொல்லக்கூடிய தமிழ்ச் சொற்கள் இரண்டு: அம்மா, அக்கா. இரண்டும் சிங்களத்திலும் அதே சொல், அதனால். என் வயதுப் பிள்ளைகள் இங்கே சிரிக்கிறீர்கள். உங்களுக்கும் அந்த அட்டை ஞாபகம் இருக்கிறது.

2007இல் ஒரு பெரிய வைத்தியசாலையில் உள்ளகப் பயிற்சி வைத்தியராக இருந்தேன். வேலையில் கெட்டிக்காரி என்று பெயரெடுக்க வேண்டும், எவருடைய கண்ணிலும் ‘தமிழ் டொக்டர்’ என்று படக்கூடாது என்ற பயம். வடக்கிலிருந்து வைத்தியத்துக்கு வந்த ஒரு வயதான அம்மா. வெள்ளவத்தையில் லொட்ஜ் ஒன்றில் தங்கி கிளினிக்குக்கு வந்துபோனார். என் பெயர்ப் பட்டியைப் பார்த்துவிட்டு மெல்லிய குரலில் கேட்டார்: “பிள்ளை, நீங்கள் தமிழோ?” பக்கத்தில் நிபுணர் நின்றார், இரண்டு தாதியர் நின்றார்கள். நான் சிங்களத்தில் பதில் சொன்னேன். “மொகத அம்மே?” என்று. என்ன அம்மா வேணும் என்று. அவர் ஒன்றும் வேணாம் என்று தலையை ஆட்டினார். அன்று அவரிடம் கேட்க வேண்டிய கேள்விகள் எல்லாவற்றையும் சிங்களத்திலேயே கேட்டேன். தாதி அரைகுறைத் தமிழில் மொழிபெயர்த்தாள், என் முன்னாலேயே.

அதே ஆண்டு ஜூன் 7ஆம் திகதி விடியற்காலையில் வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை, பம்பலப்பிட்டி, புறக்கோட்டை லொட்ஜுகளில் தங்கியிருந்த தமிழரை பொலிஸார் பஸ்களில் ஏற்றி வவுனியாப் பக்கமும் கிழக்குப் பக்கமும் அனுப்பினார்கள். 376 பேர். தகுந்த காரணமின்றிக் கொழும்பில் தங்கியிருந்தார்களாம். அவர்களின் காரணங்கள் எங்களுக்குத் தெரியும்: கடவுச்சீட்டு, விசா நேர்முகம், பரீட்சை, வேலை, வைத்தியம். மறுநாளே உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது, சில நாளில் பிரதமரும் வருத்தம் தெரிவித்தார். பலர் திரும்பி வந்தார்கள். அந்த அம்மா அடுத்த கிளினிக்குக்கு வரவில்லை. அந்த பஸ்ஸில் இருந்தாரா, பயந்து தானாகவே ஊருக்குப் போனாரா, எனக்கு இன்றுவரை தெரியாது. அவருடைய கிளினிக் கொப்பியின் கடைசிப் பக்கத்தில் இருந்தது என் கையெழுத்து.

வரலாறு சில வேளை விசித்திரமாக நடக்கும். அந்த பஸ்கள் போய் 24 நாளில், 2007 ஜூலை 1ஆம் திகதியிலிருந்து, அரச சேவையில் சேர்கிற ஒவ்வொருவரும் ஐந்து வருடத்துக்குள் மற்ற அரசகரும மொழியிலும் தேர்ச்சி பெறவேண்டும் என்ற சுற்றறிக்கை நடைமுறைக்கு வந்தது. 1987இல் பதின்மூன்றாம் திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கி இருபது வருடம் கழித்து. நல்ல சுற்றறிக்கை. நான் அதற்கு எதிரியில்லை. ஆனால் எங்கள் கிளினிக்கில் வேலைசெய்யும் ஒரு தாதி, தங்கை போன்றவள், அந்தப் பரீட்சையில் தேறியவள், ஒருநாள் என்னிடம் வந்து சொன்னாள்: “டொக்டர், தமிழில் கடிதம் எழுதுவேன். ‘சாப்பிடாமல் வாங்க’ என்று சொல்ல வாய் வரமாட்டேன் என்கிறது.”

சாப்பிட்டுவிட்டு வந்த அம்மாவின் கதையை அவளிடம் சொல்லியிருந்தேன். ‘நொகா என்ன’ என்று அன்று சொன்னவள் தானாகவும் இருக்கலாம் என்று அவளுக்கு மனம் குறுகுறுத்திருக்கிறது. அவள் தன் நாட்குறிப்பின் பின்பக்கத்தில் சிங்கள எழுத்தில் பத்துத் தமிழ் வாக்கியம் எழுதினாள். நான் சொல்லிக்கொடுத்தேன். முதல் வாக்கியத்திலேயே எனக்கும் கன்டீன் மாமாவுக்கும் சண்டை. நான் ‘சாப்பிடாமல் வாங்கோ’ என்றேன். அவர் ‘சாப்பிடாம வாங்க’ என்று சொல்லிக்கொடு என்றார். இங்கே வருகிறவர்களில் பாதிப்பேர் மலையகம், முஸ்லிம் ஆட்கள், கொழும்பார். யாழ்ப்பாணத்துக்கு மட்டுமா கிளினிக் என்று கேட்டார். அவர் கேட்டது சரி. நாட்டின் சனத்தொகையில் ஏறத்தாழ நாலில் ஒரு பங்கினர் தமிழ் பேசுவோர் என்கிறோமே, அந்த எண்ணிக்கை யாழ்ப்பாணத்தாரை மட்டும் எண்ணினால் வராது. மலையகத்தாரையும் முஸ்லிம்களையும் சேர்த்தால்தான் வரும்.

அந்தச் சண்டை எனக்கு எங்கள் ஒன்பதாம் வகுப்பை நினைவூட்டியது. மலையகத்திலிருந்து வந்து ஒரு பிள்ளை சேர்ந்தாள். உறவினர் வீட்டில் தங்கிப் படித்தாள். கணக்கில் எங்கள் எல்லோரையும் விடக் கெட்டிக்காரி. அவள் ‘வாங்க, போங்க’ என்று பேசினால் நாங்கள் பின்னால் நின்று திருப்பிச் சொல்லிச் சிரிப்போம். ஒரு தவணைக்குள் அவள் எங்களைப் போலவே ‘வாங்கோ, போங்கோ’ என்று பேசப் பழகிவிட்டாள். அவள் எங்களோடு ஒன்றாகிவிட்டாள் என்று நாங்கள் சந்தோஷப்பட்டோம். பஸ்ஸில் என் பொட்டைத் துடைத்தது யார் என்று எனக்குத் தெரியும். அவளுடையதைத் துடைத்தது நான். சகோதரி, நீங்கள் எந்த நாட்டிலிருந்தாவது இந்த மலரை வாசிப்பீர்களானால், மன்னிக்க வேண்டும்.

எல்லாம் இப்படியே இருந்தது என்றும் நினைத்துவிடாதீர்கள். செட்டியார் தெருவில் ஒரு நகைக்கடை வாசலில் அரைமணி நேரம் நின்று பாருங்கள். கடைக்காரர் வருகிறவரின் முகத்தைப் பார்த்தே சிங்களம், தமிழ், ஆங்கிலம் என்று மாறிமாறிப் பேசுவார். புறக்கோட்டையில் போராவும் மேமனும் சிந்தியும் செட்டியாரும் பக்கத்துப் பக்கத்துக் கடையில் தலைமுறையாக வியாபாரம் செய்தவர்கள். அங்கே எவரும் மொழிச் சட்டம் போடவில்லை. அதனால் சந்தையிடமே விட்டுவிடலாமே, வியாபாரம் தானாக எல்லோரையும் மதிக்கும் என்று என் பொருளியல் நண்பர்கள் சொல்வார்கள்.

முழுதும் ஒத்துக்கொள்ள முடியவில்லை. ரொறன்ரோவில் இருக்கிற அக்காமாரைக் கேட்கிறேன். உங்கள் பக்கத்து வங்கியில் தமிழ் பேசும் அலுவலர் இருக்கிறார், வீடு விற்பவரின் விளம்பரம் தமிழில் இருக்கிறது. கனடாப் பாராளுமன்றம் 2016இல் ஜனவரியைத் தமிழ் மரபுத் திங்கள் என்று ஏற்றது. எனக்கும் பெருமைதான். ஆனால் உங்கள் கையில் காசு வந்த பிறகுதான் வங்கி தமிழ் பேசத் தொடங்கியது. செட்டியார் தெருக் கடைக்காரரும் தாலிக்கொடி வாங்க வருகிறவரிடம்தான் மூன்று மொழியில் சிரிப்பார். கடை கூட்ட வருகிறவளிடம் ஒரு மொழியும் வேண்டியதில்லை. சந்தை மதிப்பது பணப்பையின் மொழியை. அந்தக் கிளினிக் அம்மாவின் மொழிக்குப் பின்னால் பணப்பை இல்லை. அதனால்தான் சட்டமும் சுற்றறிக்கையும், நாலு மனிதரின் வெட்கமும் தேவைப்படுகின்றன. லண்டனிலிருக்கும் என் வகுப்புத் தோழியின் தாயாருக்கு ஆஸ்பத்திரியில் தொலைபேசி வழியே தமிழ் மொழிபெயர்ப்பாளர் கிடைக்கிறார். அந்த வயதான மனுஷிக்கு அங்கே வரி கட்டும் வருமானமில்லை. அவர் நோயாளி என்ற ஒன்றே போதுமாக இருக்கிறது.

சந்தையும் தானாக அமைதியாய் இருப்பதில்லை என்பதை நாங்கள் 1983 ஜூலையில் பார்த்தோம். நான் அப்போது கைக்குழந்தை, பார்த்தது அம்மா. வெள்ளவத்தையில் காலி வீதிக் கடைகள் எரிந்ததைச் சொல்லுவார். கொழும்பில் தமிழர் தொழிற்சாலைகளும் எரிந்தன. மறுநாட் காலையில் வேலையில்லாமல் அவற்றின் வாசலில் நின்றவர்களில் பல ஆயிரம் பேர் சிங்களத் தொழிலாளர்.

இன்னும் பின்னுக்குப் போனால் இதே வெள்ளவத்தையில் வேறொரு பாடமும் இருக்கிறது. இப்போது ஹவ்லொக் சிட்டி மாடிகள் நிற்கிற காணியில் (நம் சங்கத்தார் சிலர் அங்கே வீடு வாங்கியிருக்கிறீர்கள், என்னை ஒரு நாள் தேநீருக்குக் கூப்பிடலாம்) வெள்ளவத்தை நெசவாலை இருந்தது. மலையாளிகள் பெருவாரியாக, சிங்களவரும் தமிழரும் சேர்ந்து வேலை செய்த ஆலை. 1933இல் அங்கே வேலைநிறுத்தம் நடந்தது; தலைமை தாங்கியவர்களில் ஒருவர் இளம் சட்டத்தரணி கொல்வின் ஆர். டி சில்வா. அதற்குப் பத்து வருடம் முன், 1923இல், கொழும்புத் தொழிலாளர் எல்லோரையும் ஒன்றாகத் திரட்டிப் பொது வேலைநிறுத்தம் செய்து காட்டியவர் ஏ. ஈ. குணசிங்க. பொருளாதார மந்தம் வந்து வேலை குறைந்ததும் அதே குணசிங்க மலையாளிகளை வெளியேற்று என்ற பக்கம் போய்விட்டார். வேலை குறையும்போது பக்கத்தில் நிற்பவரின் பேச்சு காதுக்கு வேறாகக் கேட்கத் தொடங்கும். 2022இல் கேஸ் கியூவிலும் எண்ணெய்க் கியூவிலும் நானும் கொஞ்சம் கேட்டேன். ஆனால் அந்தக் கியூக்களில் மூன்று மொழியிலும் ஒரே வசவைத்தான் கேட்டேன் என்பதையும் சொல்லவேண்டும்.

சரி, நாங்கள் என்ன செய்யலாம்? உலகப் பொருளாதாரத்தைக் கட்டியெழுப்புவது இந்தச் சங்கத்தின் கையில் இல்லை. சனிக்கிழமை பின்னேரம் பூட்டிக் கிடக்கிற இரண்டு வகுப்பறைகள் சங்கத்தின் கையில் இருக்கின்றன.

நூற்றாண்டு நிதியில் வாசலில் ஒரு நினைவு வளைவு கட்டுவது என்று செயற்குழு யோசித்திருப்பதாக அறிந்தேன். வளைவுக்கு நான் பகையில்லை, கருங்கல்லில் நம் பாடசாலைப் பெயரைப் பார்க்க எனக்கும் ஆசைதான். ஆனால் வளைவைச் சிறிதாகக் கட்டுங்கள் என்று பணிவாகக் கேட்கிறேன். மீதியில் ஒரு வகுப்பறையில் நம் வீடுகளில் வேலைசெய்கிற பெண்களுக்குச் சிங்களம். பேச்சுச் சிங்களமும், ஒரு படிவத்தில் தன் பெயரையும் விலாசத்தையும் எழுதுமளவுக்கு எழுத்தும். மற்ற வகுப்பறையில் தாதியர், சிற்றூழியர், கவுண்டரில் இருக்கும் பிள்ளைகளுக்குப் பேச்சுத் தமிழ். பரீட்சைத் தமிழ் வேண்டாம். ‘எந்தப் பக்கம் நோகுது?’, ‘எத்தனை நாளா?’, ‘இந்தக் குளிசை இரவில மட்டும்’, ‘பயப்படாதீங்க.’ நூறு வாக்கியம் போதும். அந்தத் தாதி தன் பத்து வாக்கியங்களோடு வந்து உதவத் தயார் என்றிருக்கிறாள். சிங்களம் படிப்பித்த நம் ரீச்சர் முன்வரிசையில்தான் இருக்கிறார். நான் அவருடைய முகத்தைப் பார்க்காமல் பேசிக்கொண்டிருக்கிறேன், ஏனென்றால் அவருடைய பாடவேளையில்தான் நாங்கள் உயிரியல் வீட்டுப்பாடம் எழுதினோம்.

இன்னொரு சிறிய காரியம், இதற்கு நிதியும் வேண்டாம். உங்கள் வீட்டில் வேலைசெய்கிறவர் கிளினிக்குக்குப் போகிற நாளின் கூலியைக் கழிக்காதீர்கள். அந்த அம்மாவின் இரண்டு வீடுகளில் ஒன்று இந்த மண்டபத்தில் இருக்கிற ஒருவரின் வீடாகவும் இருக்கலாம். நான் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை.

அவர் நான்காம் முறை வந்தபோது வெறும் வயிற்றோடு வந்தார். காலை ஆறரைக்கே வந்து வாங்கில் உட்கார்ந்திருந்தாராம். இரத்தம் குத்தி முடிந்ததும் அந்தத் தாதி, “இப்ப சாப்பிடுங்க அம்மா” என்றாளாம். புண் ஆறிக்கொண்டு வருகிறது. ஒரு விரலை மட்டும் எடுக்க வேண்டி வந்தது.

வகுப்புகளுக்கு உதவ விரும்புவோர் வாசல் மேசையிலுள்ள கொப்பியில் பெயரையும், எந்தச் சனிக்கிழமை வரலாம் என்பதையும் எழுதிவிட்டுப் போங்கள். வெளிநாட்டிலுள்ளோர் செயலாளருக்கு எழுதலாம். ஒலிப்பதிவு செய்து அனுப்பத் தமிழும் சிங்களமும் தெரிந்த குரல்கள் வேண்டும். தேநீர் ஆறுகிறது என்று உப அதிபர் கை காட்டுகிறார்.